ட்ரம்ஸ் இல்லாத பாட்டு: கல்முனைக்குடியில் இருந்து ஜாஸ் ஃபியூஷன் கேட்பதும் பழகுவதும்

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் கொடி ஏறிவிட்டால் பன்னிரண்டு நாட்களுக்குத் தாளத்தைத் தேடி யாரும் எங்கும் போக வேண்டியதில்லை. நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக, நாகூரில் நடப்பது போலவே ஜமாதுல் ஆகிர் பிறையோடு தொடங்கும் நாட்கள் அவை. பாவாமார் றபான் எடுத்து உட்காருவார்கள். றாத்தீபு மெதுவாகத்தான் ஆரம்பிக்கும். பாடுகிறவர்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். வரி மாறாது, றபான் மட்டும் மாறிக்கொண்டே போகும். முதலில் விளிம்பில் விரல் நுனி, பிறகு நடுத்தோலில் உள்ளங்கை, பிறகு இரண்டும் கலந்து. தன் நெஞ்சு எந்த இடத்தில் வேகம் பிடித்தது என்று கேட்கிறவனுக்கே தெரியாது.

1967ஆம் ஆண்டு நியூயோர்க்கில் மைல்ஸ் டேவிஸ் குழுவினர் 'நெஃபர்டிட்டி' என்ற பாட்டை ஒலிப்பதிவு செய்தார்கள். வேய்ன் ஷோர்ட்டர் அமைத்த மெட்டு அது. ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் அந்த ஒரே மெட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை திரும்பத் திரும்ப ஊதுகின்றன. வழமையாக ஜாஸில் மெட்டை வாசித்துவிட்டு ஒவ்வொருவராகத் தனி வாசிப்பார்கள். இதில் அப்படி எதுவும் இல்லை. மாறுவது பின்னால் இருப்பவர்கள்தான், எல்லாரையும் விட அதிகமாக ட்ரம்ஸ். வாசித்தவர் ரொனி வில்லியம்ஸ், அப்போது வயது 21. றாத்தீபு கேட்டு வளர்ந்த ஒரு காதுக்கு இந்தப் பாட்டை விளக்கத் தேவையில்லை. ஜாஸ் என்றால் படித்தவர்களின் இசை, நமக்குப் புரியாது என்று ஒதுங்கி நிற்கிறவர்கள் இதில் இருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

இரண்டு விடயங்களை இந்தக் கட்டுரை சொல்ல முயல்கிறது. ஜாஸ் ஃபியூஷன் ட்ரம்ஸ் வாசிப்பை எப்படிக் கேட்பது என்பது ஒன்று. ட்ரம்ஸ் மட்டும் இல்லாத பின்னணி இசையைத் தயாரித்து, அதோடு சேர்ந்து எப்படிப் பழகுவது என்பது மற்றது. இரண்டாவது எங்கள் பகுதிக்கு ஏன் முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ட்ரம்ஸ் தனியாகப் படிக்கிற வாத்தியம் அல்ல. பேஸ் கிற்றார்காரர் ஒருவர், கீபோட்காரர் ஒருவராவது பக்கத்தில் இருந்தால்தான் அது இசையாகும். கல்முனையில் தமிழர் இருக்கும் பகுதியும் முஸ்லிம்கள் இருக்கும் பகுதியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. 1985இலும் 1990இலும் நடந்தவற்றுக்குப் பிறகு அந்தச் சில நூறு யார் தூரம் பெரிய தூரமாகிவிட்டது. ஊரடங்கும் சோதனைச் சாவடியும் இருந்த ஆண்டுகளில் இரவு நிகழ்ச்சி என்ற பேச்சே இல்லை. ஒரு பக்கத்து வாத்தியக்காரர் மறு பக்கத்துக்கு ஒத்திகைக்கு வந்து போவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். பிறகு 2004 டிசம்பர் 26. இலங்கையில் சுனாமி அதிக உயிர்களைக் கொண்டுபோன மாவட்டம் அம்பாறை, அதிலும் எங்கள் கரையோரம். மிஞ்சியவர்களில் பலர் கட்டாரிலும் சவூதியிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். ஒரு இசைக்குழுவின் நான்கு பேர் நான்கு நாட்டில் இருக்கும்போது, ஒருவர் தன் பகுதியை வாசித்து அனுப்ப மற்றவர் தன் பகுதியைச் சேர்ப்பதுதான் ஒத்திகை. ட்ரம்ஸ் இல்லாத பாட்டு என்பது ட்ரம்ஸ்காரருக்காக இடம் விட்டு வைத்த பாட்டு.

எதைக் கேட்பது

ஃபியூஷன் என்ற பெயரைக் கேட்டதும் பயப்படத் தேவையில்லை. 1960களின் கடைசியில் ஜாஸ்காரர்கள் மின்கிற்றாரையும் மின்பியானோவையும் ராக் இசையின் உறுதியான தாளத்தையும் எடுத்துக்கொண்டார்கள். மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலண்ட் வே' 1969இல் வந்தது, 'பிட்சஸ் ப்ரூ' 1970இல். முதலாவதில் ட்ரம்ஸ் வாசித்த ரொனி வில்லியம்ஸ் அதே 1969இல் 'லைஃப்டைம்' என்ற தன் சொந்தக் குழுவைத் தொடங்கினார். கிற்றார் வாசித்த ஜோன் மக்லொக்லின் 1971இல் மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். அதன் ட்ரம்ஸ்காரர் பனாமாவில் பிறந்த பில்லி கொபம்.

கொபம் வாசிப்பில் வேகமும் பலமும்தான் முதலில் காதில் விழும். அதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, அவருடைய 'ஸ்பெக்ட்ரம்' (1973) இசைத்தட்டில் உள்ள 'ஸ்ட்ரேட்டஸ்' என்ற பாட்டை எடுங்கள். லீ ஸ்க்லார் வாசிக்கும் பேஸ் ஒரு சிறு துண்டை விடாமல் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. அது மட்டும் காதில் நிற்கும்படி ஒரு முறை கேளுங்கள். அடுத்த முறை ஸ்னெயர் எனப்படும் சிறிய ட்ரம்மை மட்டும் கேளுங்கள். பெரிய அடிகளுக்கு இடையில் மிக மெல்லிய அடிகள் ஓடிக்கொண்டிருப்பது தெரியும். அந்த அமுங்கிய அடிகளைத்தான் நான் 'பேச்சு' என்பேன். பெரிய அடியை எவரும் அடிக்கலாம். காதுக்கு எட்டியும் எட்டாமலும் உள்ள அடியைச் சமமாக அடிப்பதற்குப் பல வருடம் வேண்டும். றபானில் விளிம்பில் விரல் விடாமல் ஓடும் அந்த நுண் ஒலி இருக்கிறதே, அதே வேலைதான்.

மக்லொக்லின் அடுத்துச் செய்தது எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. எல். ஷங்கரின் வயலின், ஸாகிர் ஹுசைனின் தபேலா, ரி.எச். விநாயக்ராமின் கடம் ஆகியவற்றோடு 'ஷக்தி' குழு. அதன் முதல் இசைத்தட்டு 1975இல் மேடையில் பதிவு செய்யப்பட்டு 1976இல் வெளிவந்தது. ட்ரம்ஸ் செட் கிடையாது. ஒரு மண் பானை அந்த வேலையைச் செய்கிறது. ஐம்பது ஆண்டு கழித்து அந்தக் குழுவின் 'திஸ் மொமெண்ட்' 2024இல் கிராமி விருது பெற்றது. கடம் இருந்த இடத்தில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு இருந்தார். அதே ஆண்டு டிசம்பர் 15ஆம் திகதி ஸாகிர் ஹுசைன் காலமானார். மக்லொக்லினும் செல்வகணேஷும் சேர்ந்து கொன்னக்கோல் பற்றி 2007இல் வெளியிட்ட 'த கேட்வே டு ரிதம்' என்ற பாட ஒளிப்பதிவு, ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு மிகப் பயனுள்ளது.

மும்பையில் பிறந்த திரிலோக் குர்டுவையும் விட்டுவிடக் கூடாது. உயர்ந்த முக்காலியில் இராமல் தரையோடு தரையாக அமர்ந்து, தபேலாவையும் ட்ரம்ஸையும் ஒரே ஆளாக வாசிப்பவர். ஒலிக்கும் தட்டை வாளித் தண்ணீரில் முக்கி அதன் சுருதி வழுக்கி இறங்குவதைக் கேட்க வைப்பவர். பாயில் இருந்து றபான் அடிக்கும் பிள்ளைக்கு, ட்ரம்ஸ் என்றால் மேலைநாட்டு நாற்காலியில் ஏறி உட்கார வேண்டும் என்ற எண்ணத்தை இவர் ஒருவரே கலைத்துவிடுவார்.

இவர்களைக் கேட்கும்போது ஒரு கணக்கைக் கையில் வைத்திருந்தால் நல்லது. நான்கு அடி கொண்ட ஒரு சுற்றை, அடிக்கு நான்காகப் பதினாறு சிற்றடிகளாகப் பிரியுங்கள். 'தகதிமி' என்று சொல்லி, இரண்டு சிற்றடி வாய்மூடி இருங்கள். மறுபடி 'தகதிமி', மறுபடி இரண்டு மௌனம், மூன்றாவது 'தகதிமி'. நான்கும் இரண்டும் நான்கும் இரண்டும் நான்கும் பதினாறு. அடுத்த 'தா' சரியாகச் சமத்தில் விழும். கோயிற் திருவிழாவில் தவில் கேட்டவர்களுக்கு இந்தத் தீர்மானத்தின் உருவம் பழக்கமானது. கூத்தில் மத்தளம் போடும் அண்ணாவியாரும், எங்கள் ஊர்ப் பொல்லடியில் கம்பு மாற்றுகிறவர்களும் தங்கள் வழியில் இதைச் செய்கிறார்கள். ஃபியூஷன் ட்ரம்ஸ்காரர் அந்த மூன்று 'தகதிமி'யை ஸ்னெயரிலும் டொம்மிலும் பிரித்துப் போட்டு, 'தா'வைக் காலடி ட்ரம்மிலும் சிம்பலிலும் ஒன்றாக அடிப்பார். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் குழப்பமாகத் தோன்றிய பாதி விடயங்கள் விலகும். ஏழடி வந்தால் 'தகிட தகதிமி'. அதற்கு மேல் எண்ணிக்கொண்டே கேட்பது இன்பத்தைக் கெடுக்கும், விட்டுவிடலாம்.

ட்ரம்ஸை எடுத்துவிடுவது எப்படி

ஒரு வாத்தியம் குறைந்த இசைத்தட்டுகள் புதியவை அல்ல. அமெரிக்காவில் 'மியூசிக் மைனஸ் வன்' என்ற நிறுவனம் 1950இலேயே இதைத் தொடங்கியது. 1960களின் இறுதியில் இருந்து ஜேமி ஏபர்சோல்ட் ஜாஸ் மாணவர்களுக்கான தொடரை வெளியிட்டார். ட்ரம்ஸுக்கென்று டேவ் வெக்கல் 1980களில் வெளியிட்ட பொதி பலருக்கு முதல் ஆசான். எங்கள் பக்கம் இவை வந்து சேர்ந்ததில்லை. கசற் காலத்தில் சத்தத்தைக் கூட்டி வைத்து, பாட்டில் இருக்கும் ட்ரம்ஸின் மேலேயே அடித்துப் பழகினோம். அதில் ஒரு கேடு உண்டு. நாம் தவறினாலும் உள்ளே இருக்கும் ஆள் தவறமாட்டார், நம் பிழை நமக்குக் கேட்காது.

2019 நவம்பரில் டீசர் என்ற பிரெஞ்சு நிறுவனம் 'ஸ்ப்ளீட்டர்' என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. பேஸ்புக் ஆய்வாளர்களின் 'டீமக்ஸ்' அதைவிட நன்றாகப் பிரிக்கும். இவை ஒரு பாட்டைக் குரல், ட்ரம்ஸ், பேஸ், மற்றவை என நான்காகப் பிரித்துத் தருகின்றன. ட்ரம்ஸை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் சேர்த்தால் வேலை முடிந்தது. கணினிக் கட்டளை எழுதத் தெரியாதவர்கள் 'அல்டிமேட் வோக்கல் ரிமூவர்' என்ற இலவசச் செயலியில் பொத்தானை அழுத்தியே இதைச் செய்யலாம். சாதாரண மடிக்கணினியில் ஒரு பாட்டுக்குப் பல நிமிடம் எடுக்கும், பொறுமை வேண்டும். கைத்தொலைபேசியில் 'மொய்சஸ்' இருக்கிறது, இலவசக் கணக்குக்கு வரம்பு உண்டு.

இடது, வலது ஒலிகளில் ஒன்றைத் தலைகீழாக்கிச் சேர்த்தால் ட்ரம்ஸ் போய்விடும் என்று இன்னும் சிலர் சொல்லித் தருகிறார்கள். போகாது. அந்த முறையில் நடுவில் வைக்கப்பட்ட எல்லாமே மறையும். காலடி ட்ரம்மோடு பாடகரும் பேஸும் போய்விடுவார்கள். ஓரங்களில் பரவியிருக்கும் சிம்பல் மட்டும் அப்படியே நிற்கும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

புதிய மென்பொருளும் மந்திரம் அல்ல. சிம்பலின் ஒலி உயர் அதிர்வெண்கள் முழுவதும் பரவுவது. குரலின் 'ஸ்', கிற்றாரின் கரகரப்பு எல்லாம் அதே இடத்தில்தான் இருக்கின்றன. பிரிக்கும்போது கிற்றார் தண்ணீருக்குள் இருந்து வருவது போல் ஆகும், நீக்கிய சிம்பலின் நிழல் கொஞ்சம் மிஞ்சும். மகாவிஷ்ணு போன்ற நெருக்கமான பதிவுகளில் இது அதிகம். 'ஸ்ட்ரேட்டஸ்' போல பேஸ் தெளிவாக இருக்கும் பாட்டில், பின்னணி பழுதானாலும் பழகுவதற்குப் போதும். முதற் பாட்டாக அப்படியானதைத் தேர்ந்தெடுங்கள்.

யூடியூபில் இருந்து இறக்கிய, பலமுறை சுருக்கப்பட்ட கோப்பில் இருந்து நல்ல பலனை எதிர்பார்க்க முடியாது. பிரித்த துண்டுகளை எம்பி3 ஆகச் சேமிப்பதையும் தவிர்க்கவும். அந்த வடிவம் கோப்பின் தொடக்கத்தில் சில பத்து மில்லிவிநாடி வெறுமையைச் சேர்த்துவிடும், பிறகு பகுதிகளைச் சேர்க்கும்போது ஒன்றோடு ஒன்று பொருந்தாது. வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் எடுக்கும். டேட்டா செலவு பார்க்கிறவர்கள் ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றினால் ஏறக்குறைய பாதியாகும், ஒலி குறையாது.

சட்டம் பற்றியும் ஒரு சொல். மற்றவரின் பாட்டை வீட்டில் பிரித்துப் பழகுவது வேறு, அதை இணையத்தில் ஏற்றிப் பகிர்வது வேறு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் இசையமைப்பாளரின் உரிமையையும் ஒலிப்பதிவின் உரிமையையும் காக்கிறது.

நாமே செய்தால்

இதுதான் எனக்குப் பிடித்த வழி. பிரித்தெடுத்த பாட்டில் அந்த ட்ரம்ஸ்காரரின் நிழல் எப்போதும் இருக்கும்; மற்றவர்கள் அவருக்குப் பதில் சொல்லித்தான் வாசித்திருப்பார்கள். நாமே செய்த பின்னணியில் இடம் உண்மையாகவே வெறுமையாக இருக்கும்.

ஒரு கீபோட், ஓடாசிட்டி அல்லது பேண்ட்லேப் போன்ற இலவசச் செயலி, இவை போதும். மெட்ரோனோமை 90இல் வையுங்கள். நான்கடிச் சுற்று எட்டு, மொத்தம் 32 அடி; இது ஏறத்தாழ 21 விநாடி ஓடும். அதை ஒரு வட்டம் என்போம். பேஸ் வரி ஒன்றை எழுதுங்கள், சமத்தில் பேஸ் கட்டாயம் விழ வேண்டும். மேலே கீபோடில் இரண்டு ஸ்வரக்கூட்டு போதும். எல்லா இடத்தையும் நிரப்பிவிட்டால் ட்ரம்ஸ்காரர் எங்கே பேசுவது? வட்டத்தைப் பன்னிரண்டு முறை அடுக்கினால் நாலேகால் நிமிடம்.

அந்தப் பன்னிரண்டையும் நான் இப்படிப் பிரிக்கிறேன். தொடங்கும் முன் எண்ணுவதற்கு எட்டு 'டிக்'. முதல் நான்கு வட்டத்தில் மெட்ரோனோம் கேட்கும். அடுத்த நான்கில் அது இல்லை, பேஸும் கீபோடும் மட்டும். ஒன்பதாவதிலும் பத்தாவதிலும் கடைசி இரண்டு சுற்றுக்கு எல்லாமே நின்றுவிடும். அந்த எட்டு அடி முழுவதும் ட்ரம்ஸ்காரருக்கே, மேலே சொன்ன தீர்மானத்தை வைத்துப் பார்க்கும் இடம். பதினோராவதில் மெட்ரோனோம் திரும்பி வரும். அப்போதுதான் நாம் எவ்வளவு ஓடிவிட்டோம், எவ்வளவு பிந்திவிட்டோம் என்பது தெரியும். முதல் வாரத்தில் எல்லாரும் ஓடிவிடுவார்கள். மௌனத்தைப் பயந்து அவசரப்படுவதுதான் காரணம்.

ஒலியளவை உச்சம் வரை ஏற்றிவிடாமல் 6 டெசிபெல் அளவு கீழே நிறுத்துங்கள். ட்ரம்ஸைப் பிறகு சேர்க்கும்போது அந்த இடம் தேவைப்படும்.

பழகும் இடத்தில்

புளுடூத் காதணி வேண்டாம். அதன் தாமதம் 200 மில்லிவிநாடி வரை போவது சாதாரணம். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு அடி 500 மில்லிவிநாடி. ஏறக்குறைய அரை அடி பிந்திக் கேட்டுக்கொண்டு பதிவு செய்ய முடியாது. கம்பி போட்ட சாதாரண காதணி போதும்.

ட்ரம்ஸ் செட் வேண்டும் என்பதும் இல்லை. பழைய சைக்கிள் டியூபை நீட்டிப் பலகையில் ஆணி அடித்தால் குச்சி திரும்பி எழும் பயிற்சிப் பலகை. காலுக்குத் தரை. அமுங்கிய அடிகளைப் பழக றபானை விடச் சிறந்த வாத்தியத்தை நான் காணவில்லை. செட் உள்ளவர்கள் கடற்காற்றை மறந்துவிடக் கூடாது. மூடி வைக்காத ஆணிகளும் கம்பிகளும் இங்கே வெகு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

சத்தம் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஒரு ட்ரம்ஸ் செட் அறைக்குள் 100 டெசிபெலைத் தாண்டும். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்பது காதுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெலில் கணக்குப் பார்த்தால் கால் மணித்தியாலம். எங்கள் வீடுகளில் இன்னொன்றும் இருக்கிறது. ஸ்னெயரின் வெடிப்பான அடி, வேறொரு சத்தத்தை நினைவூட்டும் மனிதர்கள் அடுத்த அறையில் படுத்திருப்பார்கள். "மகன், வாப்பா படுத்திருக்கார், மெல்லமா அடிங்க" என்று உம்மா சொல்வதில் தூக்கம் மட்டும் இல்லை. தொடங்குமுன் சொல்லிவிட்டு அடிப்பது, குச்சிக்குப் பதில் தூரிகைக் குச்சி எடுப்பது, பாங்கு சொன்னால் நிறுத்துவது, இவற்றால் வாசிப்பு குறைந்துவிடாது. மெல்ல அடித்துப் பழகியவர்தான் பிறகு பலமாக அடிக்கும்போது அர்த்தத்தோடு அடிப்பார்.

இசைக்கருவி கூடுமா கூடாதா என்ற விவாதம் எங்கள் ஊரில் முடிந்ததில்லை. றாத்தீபையே வேண்டாம் என்பவர்களும் உண்டு, தஃபுக்கு மட்டும் இடம் கொடுப்பவர்களும் உண்டு. அந்த வழக்கைத் தீர்க்க எனக்குத் தகுதி இல்லை. நோன்பு காலத்தில் சஹருக்கு எழுப்பிக்கொண்டு வரும் பாவாவின் றபானைக் கேட்டு எழும்பிய பிள்ளைகள் இந்த ஊரில் பல தலைமுறை. கொடியேற்றத்துக்கு நேர்ச்சையோடு வந்த தமிழ்ச் சனமும் அதே றபானைக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் நாங்கள் கொபமையும் குர்டுவையும் கேட்கிறோம்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு உங்கள் பகுதியை அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் ஒலியாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், கோப்பு மாறாமல் போகும். வேகத்தையும் சுற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள்: '90, நான்கடி, எட்டு டிக்' என்று. ட்ரம்ஸைப் பதிவு செய்யும்போது அந்த எட்டு டிக்கோடு நீங்களும் குச்சியைத் தட்டுங்கள். டோஹாவிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் பேஸ்காரர் இரண்டு கோப்பையும் அந்தத் தட்டில் வைத்துப் பொருத்திக்கொள்வார்.